படிப்பகத்துப் படங்களை யார் காப்பது?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் படிப்பகத்தின் ஆண்டு விழாப் படங்களும் நாடக வீடியோக்களும் ஆளுக்கொரு போனில் கிடக்கின்றன, அவற்றைச் சொந்தக் கணினியிலேயே சேர்த்து வைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும்.

கூகுள் போட்டோஸ் வரம்பில்லா இலவச இடத்தை 2021 ஜூன் முதல் தேதியோடு நிறுத்திவிட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். ஐபோனில் 4கே, 60 பிரேம் வைத்து எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி ஆகும். ஒரு நீண்ட நாடகத்துக்கே அந்த 15 ஜிபி போதாது. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைவதோடு, எடுத்த தேதி, இடம் முதலான விவரங்களும் போய்விடும்.

படங்களைச் சொந்தக் கணினியில் சேர்த்து வைக்க இம்மிச் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. 8 ஜிபி ராம் உள்ள பழைய கணினியில் டாக்கர் என்ற மென்பொருள் வழியாக நிறுவலாம். முகம் பார்த்துப் படங்களைப் பிரிக்கும் வேலையும் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். ஆல்பத்துக்கு இணைப்பு கொடுத்து, கடவுச்சொல்லும் காலக்கெடுவும் வைக்கலாம்.

வெளியூரிலிருந்தும் பார்க்க கிளவுட்ஃபிளேர் டனல் என்ற இணையச் சேவையைப் போடச் சொல்வார்கள். படங்கள் சிக்கலின்றி ஏறும். ஆனால் அதன் இலவசத் திட்டத்தில் 100 எம்பியைத் தாண்டும் கோப்பு ஏறாது. நாடக வீடியோ அங்கேதான் நிற்கும். பெரிய வீடியோக்களைப் படிப்பகத்துக்கே வந்து அங்குள்ள வைஃபையில் ஏற்றச் சொல்லுங்கள்.

இரண்டு டிஸ்க்குகளை, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி ரெய்டு முறையில் இணைத்துவிட்டால் பயமில்லை என்பார்கள். நம்பாதீர்கள். யாராவது தவறி அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில்: இதுதான் பழகிய கணக்கு. படக் கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் ஆல்பங்களும் முகங்களுக்கு இட்ட பெயர்களும் திரும்பி வராது. அவை இம்மிச்சின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதையும் சேர்த்து நகலெடுங்கள். எடுத்த நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்தும் பாருங்கள்.

நிறுவித் தரும் தம்பி நாளை வேலை கிடைத்து வெளியூர் போவார். அதனால் நிர்வாகக் கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். குழந்தைகளின் படங்களைப் பகிரும் முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பொறுப்பேற்க இரண்டு ஆட்களும், மூன்றாம் பிரதியை வைக்க ஒரு வீடும் முடிவான பிறகு கணினியில் கைவையுங்கள். அதுவரை எல்லாருடைய படங்களையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்