பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்

சூலக்கரை அண்ணாச்சிக்கு,

கண்மாய் வண்டல் அள்ளவும் சீமைக் கருவேலத் தூரைப் புரட்டவும் டிராக்டருக்கு முன்னால் லோடர் மாட்டியிருக்கிறீர்கள். வண்டியை அணைத்துவிட்டு டீ குடித்துத் திரும்புவதற்குள், தூக்கி நிறுத்தின பக்கெட் ஒரு முழம் இறங்கிக் கிடக்கிறது. பார்க்க வந்த மெக்கானிக் “பம்ப் போச்சு” என்று சொல்லிவிட்டார். மாற்றிவிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

வேண்டாம் அண்ணாச்சி. இன்ஜின் ஓடினால்தான் பம்ப் சுற்றும். வண்டி அணைந்து கிடக்கிறபோது இறங்குகிற பக்கெட்டுக்கு, அந்நேரம் சும்மா இருக்கிற பம்ப் எப்படிப் பொறுப்பாகும்? தூக்கி நிறுத்திய ஆயில் எங்கோ வழி கண்டுபிடித்துப் போகிறது, அவ்வளவுதான். ஹோஸிலோ சிலிண்டர் ராடு ஓரத்திலோ வெளியே கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். வெளியே சொட்டுக்கூட இல்லையென்றால் இரண்டே இடம்: சிலிண்டருக்குள் இருக்கிற பிஸ்டன் சீல், அல்லது லிவருக்குக் கீழே இருக்கிற வால்வு. வால்வுக்குள் ஓடுகிற தண்டுக்குச் சீல் கிடையாது. இரும்புக்குள் இரும்பு, நடுவே மயிரிழையிலும் மெல்லிய இடைவெளி. அதில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ராத்திரி தூக்கி வைத்த பக்கெட் விடியும்போது தரையில் கிடந்தால் அதிசயமில்லை. ஒரு டீக்குள் ஒரு முழம் என்பது வேறு கதை.

எது குற்றவாளி என்று பிரிக்க ஒரு வழி உண்டு. லோடரை முழுக்கத் தூக்கி, இரண்டு கைக்கும் இரும்பு முட்டு கொடுத்துவிடுங்கள். கயிறு, மரக்கட்டை எல்லாம் ஆகாது. இன்ஜினை அணைத்து, லிவரை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை வடித்த பிறகு, ஒரு சிலிண்டரில் ராடு பக்கத்து ஹோஸைக் கழற்றி, அந்த ஹோஸின் வாயை அடைத்துவிடுங்கள். இப்போது இன்ஜினைப் போட்டு, லிவரைத் தூக்கும் பக்கம் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். திறந்திருக்கிற துவாரத்தில் நாலு சொட்டு வந்தால் பரவாயில்லை. ஒழுகி ஓடினால் அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் சீல் போய்விட்டது. அடுத்த சிலிண்டரையும் இப்படியே பாருங்கள். இரண்டும் காய்ந்து கிடந்தால்தான் சந்தேகம் வால்வுக்குப் போக வேண்டும். துவாரத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. ஒருவர் சீட்டில், ஒருவர் எட்டத்தில்.

பம்ப் கெட்டால் அது காட்டுகிற முகமே வேறு. காலையில் சுறுசுறுப்பாகத் தூக்கும். நம்மூர் சித்திரை வெயிலில் மதியம் ஆயில் சூடேறித் தண்ணீராய் இளகியதும் படுத்துக்கொள்ளும். தூக்குவது, கொட்டுவது இரண்டுமே சேர்ந்து தளரும். ஒன்று மட்டும் தளர்ந்தால் அந்தச் சிலிண்டரையும் அதன் வால்வையும் பாருங்கள். பம்ப் வரை போக வேண்டாம்.

அப்போதும் அவசரப்படாதீர்கள். சின்ன வயதில் நானே ஒரு நல்ல பம்ப்பைக் கழற்றி எறிந்தவன். லோடர் விட்டுவிட்டுத் தூக்கும், பம்ப் ஓலமிடும். புதுப் பம்ப் போட்டேன், அதே ஓலம். கடைசியில் பார்த்தால் டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு வருகிற உறிஞ்சு குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. அந்தப் பக்கத்தில் இன்ஜின் ஓடும்போது ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஆகையால் கசிவு என்று கண்ணுக்குத் தெரியவில்லை. டேங்க் மூடியைத் திறந்தபோது மேலே நுரை நின்றது. இணைப்பில் கொஞ்சம் ஆயிலை விட்டேன். ஒரு கணம் சத்தம் அடங்கியது. ஒரு கிளாம்ப்புக்கு ஒரு பம்ப் விலை கொடுத்தேன்.

நுரைக்குப் பதில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; மொத்தமும் மாற்ற வேண்டும். அளவு பார்ப்பது பக்கெட் தரையில் இருக்கும்போதுதான். தூக்கியபடி பார்த்தால் சிலிண்டருக்குள் போயிருக்கிற ஆயில் கணக்கில் வராது; குறைகிறதென்று ஊற்றி, இறக்கியதும் வழியவிடுவீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் டிராக்டர்களின் ஹைட்ராலிக் அமைப்பு கலப்பைக்காகப் பிறந்தது. ஹாரி ஃபெர்குசனின் மூன்று முனை இணைப்பு 1936இல் ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டரிலும், 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரிலும் வந்தது. அங்கே ஆயில் தூக்க மட்டும் செய்யும். இறங்குவது கலப்பையின் எடையால். லோடருக்கோ இரண்டு பக்கமும் ஆயில் தள்ள வேண்டும். பல டிராக்டர்களில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். கியர் தேய்ந்த இரும்புத் தூள் ஃபில்டருக்குத்தான் வந்து சேரும். கரிசல் புழுதியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பம்ப் மேல் சந்தேகம் வந்தால் ஃபில்டரைத்தான் முதலில் பாருங்கள்.

“ரிலீஃப் வால்வை ஒரு சுத்து இறுக்கினால் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அது அழுத்தத்துக்கு வரம்பு வைக்கிற வால்வு; அதை இறுக்குவது இறங்குகிற பக்கெட்டை நிறுத்தாது. ஹோஸை வெடிக்க வைக்கும்.

கடைசியாக, கையை வைத்துக் கசிவு தேடவே தேடாதீர்கள். கார் டயரில் இருக்கிற அழுத்தம் சுமார் முப்பது பவுண்டு. லோடர் ஹோஸில் இரண்டாயிரத்துக்கும் மேல். ஊசித் துளையில் பீறிடும் ஆயில் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போகும். வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். சிவகாசி பக்கத்துக்காரருக்கு அட்டைக்கா பஞ்சம்? பழைய காலண்டர் அட்டையை ஹோஸ் ஓரமாக எட்டப் பிடித்து நகர்த்துங்கள். ஈரம் படுகிற இடம் கசிவு.

அதென்ன, டீ குடிக்கப் போகும்போது பக்கெட்டை மேலேயே விட்டுவிட்டுப் போவது? தரையில் இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். பிஸ்டன் சீல்தான் போயிருந்தால், சீல் கிட் வாங்கப் போகும்போது பழைய சீலையும் கையோடு கொண்டுபோய் அளவு ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.