முற்றுப்பெறாச் சரக்கு: மதிப்பீடும் பயனும்

ஓர் ஆலையின் சரக்கிருப்பு முதன்மையாக மூவகைப்படும்: மூலப்பொருள், முற்றுப்பெறாச் சரக்கு, முற்றுப்பெற்ற சரக்கு. முதலாவதற்குக் கொள்முதல் விலை உண்டு. மூன்றாவதற்குச் சந்தை விலை உண்டு. இடைப்பட்டதற்கு இவ்வாறு தெளிவான விலை இல்லை. ஆதலின் கணக்கில் பிழை நேர்வது பெரும்பாலும் இங்கேதான்.

நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். கிடங்கை விட்டு வெளிவரும் பஞ்சு, கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ் ஆகிய பிரிவுகளைக் கடந்து, ரிங் பிரேமில் நூலாகிக் கோன்களில் சுற்றப்படுகிறது. மாதக் கடைசியில் இவ்வியந்திரங்களில் நிற்பது பஞ்சுமன்று, விற்பனைக்குரிய நூலுமன்று. அதுவே முற்றுப்பெறாச் சரக்காகும்.

மதிப்பிடும் முறை

தொடக்க இருப்பும் கழிவும் இல்லையெனக் கொள்வோம். கிலோ ரூ.160 விலையுள்ள 1,000 கிலோ பஞ்சு உற்பத்திக்குச் சென்றது. கூலி, மின்சாரம், மேற்செலவு ஆகியன ரூ.45,000. மாத முடிவில் 800 கிலோ நூல் ஆயிற்று. 200 கிலோ பாதி வேலையில் நின்றது. இந்த 200 கிலோவுக்கும் பஞ்சுச் செலவு முழுமையாக ஏற்பட்டுவிட்டது. ஆனால் செய்செலவைப் பொறுத்தவரை அது 100 கிலோ நூலுக்கே சமம். இதனைச் 'சமான அலகு' என்பர். எனவே ரூ.45,000-ஐ 900 ஆல் வகுக்க, கிலோவுக்கு ரூ.50 ஆகிறது. நூலின் அடக்கவிலை ரூ.210, முற்றுப்பெறாச் சரக்கின் மதிப்பு ரூ.37,000.

இந்த ரூ.37,000-ஐக் கணக்கில் காட்டாது விட்டால் என்னாகும்? முழுச் செலவும் 800 கிலோவின் மீது விழுந்து, அடக்கவிலை ரூ.256.25 எனத் தோன்றும். ரூ.230-க்கு வரும் நல்லதொரு ஆர்டரை நட்டமெனக் கருதி ஆலை மறுத்துவிடக்கூடும். மிகைப்படக் காட்டினாலோ, இல்லாத இலாபம் கணக்கில் ஏறும்.

விதியும் எச்சரிக்கையும்

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1981-இல் வெளியிட்டு, 1999-இல் திருத்திய இரண்டாம் கணக்குத் தரநிலை, அடக்கவிலை, நிகர விற்பனை மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததையே கொள்ளுமாறு கூறுகிறது. நிகர விற்பனை மதிப்பாவது, எதிர்பார்க்கும் விற்பனை விலையிலிருந்து, வேலையை முடிக்கவும் விற்கவும் ஆகும் செலவைக் கழித்துப் பெறுவதாகும்.

இச்சரக்கு அளவுக்கு மீறிப் பெருகுவதும் நன்றன்று. ரிங் பிரேமின் வேகத்தை மிஞ்சிச் சிம்ப்ளெக்ஸ் ஓடினால் இடையில் சரக்குத் தேங்கும். நடைமுறை மூலதனமும் அதனுடன் முடங்கும். ரிசர்வ் வங்கி 1974-இல் அமைத்த தாண்டன் குழு, வங்கிக் கடனுக்காக இச்சரக்கிற்கும் தொழில்வாரியாக வரம்பு வகுத்தது இதனாலேயே.

ஆகவே இவ்விருப்பை மாதந்தோறும் பிரிவுவாரியாக எண்ணிப் பதிதல் வேண்டும். விலையை வகுப்பதற்கும், வேலை எங்கே தடைப்படுகிறது என அறிவதற்கும் அப்பதிவேடே துணையாகும்.