ஆஸ்பெஸ்டாஸ் வேலையும் நுரையீரல் புற்றுநோயும்: இழப்பீடு கேட்பவர்களுக்கு

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், குழாய், பிரேக் லைனிங் ஆலைகளிலோ கொதிகலன் வேலையிலோ இருந்தவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்றால், பழைய வேலையைப் பற்றி மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். தூசியைச் சுவாசித்து 20, 30 ஆண்டுகள் கழித்தும் இந்நோய் வரும். வேலை விவரம் மருத்துவக் குறிப்பில் பதிவாகாவிட்டால் பின்னர் நிரூபிப்பது மிகக் கடினம்.

பி.எஃப். கணக்குச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு எல்லாம் பத்திரம். எதுவுமே இல்லையா? உடன் வேலை செய்தவர்களின் சாட்சியமும் உதவும். சி.டி. ஸ்கேன், பயாப்ஸி அறிக்கைகளின் நகல் வாங்கி வையுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது விலகிய பின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை நிறுவனம் பாதுகாக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1995 தீர்ப்பு. அந்தப் பதிவேட்டை நிறுவனத்திடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள்.

"பீடி குடித்தீர்களே" என்று சொன்னால் ஒதுங்கிவிடாதீர்கள். புகையும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு கூடும் என்பதே மருத்துவ உண்மை. புகைத்தார் என்பதால் தூசியின் பங்கு இல்லையென்று ஆகிவிடாது.

இ.எஸ்.ஐ.யில் இருந்தவர்கள் அதன் கிளை அலுவலகத்தையும், மற்றவர்கள் தொழிலாளர் துறையையும் அணுகலாம். தொழிலாளி இறந்துவிட்டாலும் குடும்பத்தார் கோரலாம். காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். ஆலைத் தொழிலாளர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உதவி எண் 15100.