ஆழம் போகப் போக அலை ஏன் வேகமெடுக்கிறது?

கேள்வி: ஐயா, கம்பம் பக்கத்தில் ஒரு கல் குவாரியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒரு சந்தேகம் கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. அலையின் வேகத்துக்கான சூத்திரத்தில் அடர்த்தி கீழே, வகுக்கும் இடத்தில் இருக்கிறது. பூமிக்குள் போகப் போகப் பாறையின் அடர்த்தி கூடுகிறதாம். அப்படியானால் நிலநடுக்க அலையின் வேகம் குறையத்தானே வேண்டும்? கூடுகிறது என்கிறார்களே! இன்னொன்று: எங்கள் கிரஷரில் கருங்கல் நொடியில் ஜல்லியாகிறது. அத்தனை பாரம் மேலே கிடந்தும் ஆழத்துப் பாறை ஏன் நொறுங்கவில்லை? பொட்டிபுரத்தில் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வகம் இதற்காகத்தானா?
– வாசகர், கம்பம்

பதில்: உங்கள் மகள் கேட்டது உண்மையிலேயே நல்ல கேள்வி. சூத்திரமும் சரி, வேகம் கூடுவதும் சரி. கீழே அடர்த்தி இருப்பதைப் பார்த்தவள், மேலே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே இருப்பவை மீட்சிக் குணகங்கள்: அமுக்கத்தை எதிர்க்கும் பருமக் குணகம், உருக்குலைவை எதிர்க்கும் விறைப்புக் குணகம். பூமியின் கவசத்தின் உச்சியிலிருந்து அடிவரை, அதாவது 2,890 கி.மீ. ஆழம்வரை போனால், அடர்த்தி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது. பருமக் குணகமோ ஏறக்குறைய 130 ஜிகாபாஸ்கலிலிருந்து 650 ஜிகாபாஸ்கலுக்கு, ஐந்து மடங்கு ஏறிவிடுகிறது. மேலே உள்ளது கீழே உள்ளதை முந்திக்கொண்டு வளர்வதால் முதன்மை அலையின் வேகம் நொடிக்கு 8 கி.மீ.யிலிருந்து 13.7 கி.மீ. ஆகிறது.

இதைக் கம்பத்திலிருந்தே கணக்குப் போடலாம். நொடிக்கு 8 கி.மீ. என்ற அதே வேகத்தில் அலை நேர் கீழே போனால், கவசத்துக்கு அடியிலுள்ள கருவத்தின் விளிம்பைத் தொட 6 நிமிடம் ஆகும். உண்மையில் 4 நிமிடத்துக்குச் சற்றே மேல்தான் ஆகிறது. கருவத்தில் மோதித் திரும்பும் எதிரொலியை நிலநடுக்கப் பதிவுகளில் பார்த்து அளந்த நேரம் இது. உங்களுக்கு வடக்கே கொடைக்கானல் வானாய்வகத்தில் 1899-லேயே நிலநடுக்கமானி வைத்தார்கள். 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஓல்டாம், உலகெங்கும் இருந்து சேர்ந்த இத்தகைய பதிவுகளை வைத்து 1906-இல் பூமிக்கு ஒரு கருவம் உண்டு என்று காட்டினார்.

சரி, குணகம் ஏன் இப்படி ஏறுகிறது? போடியில் இலவம்பஞ்சுத் தலையணை அடைப்பவரைக் கேளுங்கள். முதல் பிடி சும்மா உள்ளே போகும்; கடைசிப் பிடிக்கு முழங்கையை ஊன்ற வேண்டும். அணுக்களும் அப்படித்தான். நெருங்க நெருங்க அவற்றின் எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றையொன்று இன்னும் கடுமையாக விலக்குகின்றன. கீழ்க்கவசத்தில் பெரும்பகுதி பிரிட்ஜ்மனைட் என்ற கனிமம். உயர் அழுத்த ஆய்வுக்காக 1946-இல் நோபல் பெற்ற பெர்சி பிரிட்ஜ்மனின் பெயரை 2014-இல் அதற்குச் சூட்டினார்கள். அழுத்தம் இல்லாதபோது அதன் பருமக் குணகம் சுமார் 250 ஜிகாபாஸ்கல். அழுத்தம் ஒரு ஜிகாபாஸ்கல் கூடினால் குணகம் தொடக்கத்தில் 4 ஜிகாபாஸ்கல் கூடுகிறது. கவசத்தின் அடியில் அழுத்தம் 136 ஜிகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல 13 லட்சம் மடங்கு. அங்கே பாறையை மேலும் அமுக்குவது, நம் கையிலுள்ள வைரத்தை அமுக்குவதைவிடக் கடினம். வைரத்தின் பருமக் குணகம் சுமார் 440 ஜிகாபாஸ்கல்தான்.

இதைச் சோதிக்கவும் வைரமே உதவுகிறது. இரண்டு வைரங்களின் முனைகளுக்கு நடுவே தூசளவு கனிமத்தை வைத்து நெருக்குவார்கள். வைரம் ஒளியை ஊடுருவ விடுவதால் அதன் வழியே லேசரைச் செலுத்தி, சிதறி வரும் ஒளியின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்த்து, கனிமத்துக்குள் ஒலி ஓடும் வேகத்தைக் கண்டுபிடிப்பார்கள். அப்படிப் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபெரோபெரிகிளேஸ் என்ற இன்னொரு கனிமத்தின் கதை. ஏறக்குறைய 40 முதல் 60 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் அதிலுள்ள இரும்பின் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து, இரும்பு அணு சுருங்கிவிடுகிறது. அந்த அழுத்த வரம்பில் கனிமம் இளகிக்கொடுக்கிறது, பிறகு மறுபடி இறுகுகிறது. அழுத்தம் கூடினால் எப்போதும் கெட்டிப்படும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய பாடம்.

கிரஷருக்கு வருவோம். அதன் தாடைகள் கல்லை இரண்டு பக்கம் மட்டுமே நெருக்குகின்றன. மற்ற பக்கங்கள் திறந்திருப்பதால் விரிசல் வாய் பிளந்து ஓடுகிறது. ஆழத்தில் எல்லாப் பக்கமும் ஒரே நெருக்கு. விரிசல் திறக்க இடமே இல்லை. போடி மலையின் சார்னோகைட் இதற்கு நேர்ச் சாட்சி. இந்த வட்டாரத்துப் பாறைகள் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 25, 30 கி.மீ. ஆழத்தில் கடும் சூட்டில் வெந்து மாறியவை. நொறுங்காமல், மணிமணியாகப் படிகம் கோத்து மேலே வந்திருக்கின்றன. அந்த ஆழமும் கருவத்துக்குப் போகும் வழியில் நூற்றில் ஒரு பங்குதான்.

பொட்டிபுரம் ஆய்வகத்தின் முதல் நோக்கம் வேறு: நியூட்ரினோ வகைகளின் நிறை வரிசையை அறிவது. ஆனால் உங்கள் மகளின் சூத்திரத்தோடு அதற்கு உறவு உண்டு. அலையின் வேகம் குணகத்தை அடர்த்தியால் வகுத்த விடையை மட்டுமே தரும். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க வேறு சான்று வேண்டும். பூமியின் மொத்த நிறை, அது சுழலும் விதம், பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் பூமி முழுவதும் அதிரும் விதம் ஆகியவை இதுவரை அந்தச் சான்றைத் தந்தன. பூமியைத் துளைத்து வரும் நியூட்ரினோ, வழியிலுள்ள எலக்ட்ரான்களின் அடர்த்திக்கு ஏற்ப வகை மாறுவதால், அதுவும் ஒரு சான்று. அன்டார்க்டிகா பனிக்குள் புதைத்த ஐஸ்கியூப் கருவியின் தரவை வைத்து, வழியில் எத்தனை நியூட்ரினோக்கள் உறிஞ்சப்பட்டன என்று பார்த்தே பூமியின் நிறையைக் கணக்கிட்டிருக்கிறார்கள். பொட்டிபுரத்தில் திட்டமிட்டது 50,000 டன் காந்த இரும்பு. நியூட்ரினோவையும் அதன் எதிர்த்துகளையும் பிரித்தறியும் திறன் அதன் தனிச்சிறப்பு. மக்களின் எதிர்ப்பு, வழக்கு, அனுமதிச் சிக்கல் எனத் திட்டம் நின்றுபோனது. மலையைக் குடைவதால் என்ன ஆகும் என்று அந்த ஊர் மக்கள் கேட்டதும் நியாயமான கேள்விதான். அதற்கும் இந்த அறிவியலுக்கும் முதல் நாளிலிருந்தே அவர்களிடம் தமிழில் பொறுமையாக விளக்கம் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.