முதுகலைப் பொது நிருவாகவியல்: விண்ணப்பமும் பயில்முறையும்

முன்னுரை

ஆண்டுதோறும் இளங்கலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் மாணவர் பலர் ஆசிரியர்களை நாடி வந்து, "அடுத்து என்ன படிக்கலாம்?" என்று வினவுவது வழக்கம். அவர்களுள் ஆட்சிப் பணியில் நாட்டம் உடையோர் பெரும்பாலும் முதுகலைப் பொது நிருவாகவியல் என்னும் படிப்பின் பெயரைச் சொல்கின்றனர். பொது ஆட்சியியல் என்றும் இதனை வழங்குவர். இதனை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால், "அதைப் படித்தால் மாவட்ட ஆட்சியர் ஆகலாம்" என்னும் விடையே மிகுதியாகக் கிடைக்கின்றது. பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் அவ்வாறே எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் முழுதும் தவறன்று. ஆயினும் முழுதும் சரியுமன்று. இதனை ஆராயாமல் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் போட்டித் தேர்வும் கைகூடாமல், துறையறிவும் வாய்க்காமல் நிற்கும் இளைஞர்களை நாம் காண்கிறோம். தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற ஒருவர்க்கு இவ்விழப்பு எளிதில் ஈடுசெய்யக் கூடியதன்று. ஆகவே, இப்படிப்பு யாது, இதற்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, சேர்ந்தபின் எவ்வாறு பயில்வது என்பனவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

துறையின் தோற்றம்

நிருவாகம் பழமையானது, நிருவாகத்தைப் பற்றிய தனிக்கல்வியோ அண்மைக் காலத்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் வாரிய உறுப்பினரைக் குடவோலை வழியே தெரிந்தெடுக்கும் முறையை விரிவாகக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் உறுப்பினராதல் கூடாது என்னும் விதியும் அங்கு உண்டு. அவ்வுரிமை நிலமும் வேதப் பயிற்சியும் உடைய சிலர்க்கே கிட்டியது என்பதையும் மறத்தலாகாது. பொறுப்பில் இருப்பவரைக் கணக்குக் கேட்பது எவ்வாறு, அவ்வாறு கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் இவ்விரு வினாக்களே இன்றளவும் இத்துறையின் அடிப்படையாக விளங்குகின்றன.

1887ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் உட்ரோ வில்சன் எழுதிய கட்டுரையை இக்கல்வியின் தொடக்கமாகக் கொள்வர். பின்னாளில் அவர் அந்நாட்டின் குடியரசுத் தலைவரும் ஆனார். 1924இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ்வெல் பள்ளி தோன்றியது. நம் நாட்டில், சென்னைப் பல்கலைக்கழகம் 1937இல் இத்துறையில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. நாக்பூர்ப் பல்கலைக்கழகம் 1949இல் இதற்கெனத் தனித்துறை கண்டது. பால் ஆப்பிள்பி என்பார் 1953இல் அளித்த அறிக்கையை அடுத்து, 1954இல் புதுதில்லியில் இந்தியப் பொது நிருவாக நிறுவனம் நிறுவப்பெற்றது. இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் பொது நிருவாகவியல் ஒரு விருப்பப்பாடமாக 1987இல் இடம்பெற்றது. அதன் பின்னரே இப்படிப்பின் பெயர் சிற்றூர்வரை பரவியது எனலாம்.

பட்டமும் தேர்வும் வேறு

இங்கு ஒரு தெளிவு தேவை. குடிமைப் பணித் தேர்வு எழுத முதுகலைப் பட்டம் வேண்டுவதில்லை. ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டமே போதும். விருப்பப்பாடமும் மாணவர் தம் பட்டத்தில் பயின்றதாக இருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. 2011இல் முதனிலைத் தேர்விலிருந்து விருப்பப்பாடம் நீக்கப்பட்டது. 2013 முதல் முதன்மைத் தேர்வில் ஒரே ஒரு விருப்பப்பாடம், இரு தாள்கள், மொத்தம் 500 மதிப்பெண்கள் என வரையறுக்கப்பட்டது. எனவே தேர்வு ஒன்றையே கருதி இம்முதுகலையில் சேர்பவர், தாம் வாங்குவது எது என்று அறியாமல் விலை கொடுப்பவர் ஆகின்றார்.

அவ்வாறாயின் இப்படிப்பின் பயன் யாது? அரசு அலுவலகம் எவ்வாறு இயங்குகிறது, ஏன் சில வேளை இயங்காமல் போகிறது, அதனைச் செம்மை செய்யும் வழி யாது என்பதை முறையாக அறிதலே அதன் பயன். இவ்வறிவு ஆட்சியர்க்கு மட்டுமன்றி, ஊராட்சிச் செயலர், கூட்டுறவு நிறுவன அலுவலர், தொண்டு நிறுவனப் பணியாளர், இதழாளர், கல்லூரி ஆசிரியர் எனப் பலர்க்கும் பயன்படும். கல்லூரி ஆசிரியப் பணியை விழைவோர்க்குத் தேசியத் தகுதித் தேர்வில் பொது நிருவாகவியல் தனிப்பாடமாகவே உள்ளது.

விண்ணப்பிக்கும் முறை

நம் நாட்டில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏதேனும் ஒரு பாடத்தில் இளங்கலை முடித்தவரை இப்படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன. தமிழிலக்கிய மாணவர்க்கும் இவ்வாயில் திறந்தே உள்ளது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சேர, 2022 முதல் நடைபெற்றுவரும் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வை எழுதுதல் வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பட்ட மதிப்பெண்ணையோ தாமே நடத்தும் நுழைவுத் தேர்வையோ அடிப்படையாகக் கொள்ளும். பணியில் இருப்பவர்க்கும், வீட்டுப் பொறுப்பால் வெளியூர் செல்ல இயலாத மகளிர்க்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழியே இப்பட்டத்தை வழங்குகிறது. எந்தப் பல்கலைக்கழகமாயினும், தொலைநிலைக் கல்வியாயின் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்தக் கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு உண்டா என்று பார்த்த பின்னரே பணம் கட்டுதல் வேண்டும்.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை இறுதியாண்டிலேயே ஆயத்தம் செய்துகொள்ளுதல் நன்று. உதவித்தொகை பற்றிய செய்திகளைப் பழைய கையேடுகளைக் கொண்டு முடிவு செய்தலாகாது. சிறுபான்மை மாணவர் முனைவர் பட்ட ஆய்வுக்குத் துணைநின்ற மௌலானா ஆசாத் தேசிய ஆய்வுதவித்தொகை 2022-23ஆம் ஆண்டுமுதல் நிறுத்தப்பட்டமை இதற்குச் சான்று.

அயல்நாட்டில் பயில விழைவோர் இருவகைப் பட்டங்களைப் பிரித்தறிதல் வேண்டும். பொது நிருவாகப் பட்டம் நிறுவனங்களை நடத்தும் திறனையும், பொதுக்கொள்கைப் பட்டம் கொள்கைகளை அளந்து மதிப்பிடும் திறனையும் முதன்மையாகக் கற்பிக்கும். இரண்டிலும் பொருளியலும் புள்ளியியலும் உண்டு. கலைப்பிரிவு மாணவர் அங்குச் சென்றதும் திகைப்பது இவ்விடத்தில்தான். ஆகவே, விகிதம், சராசரி, மாதிரிக் கூறு, ஒட்டுறவு ஆகிய அடிப்படைகளையேனும் முன்னரே கற்றுக்கொள்ளல் வேண்டும்.

நோக்கவுரை எழுதுதல்

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் நம் நாட்டு நிறுவனங்கள் சிலவும் விண்ணப்பத்துடன் நோக்கவுரை ஒன்றைக் கேட்கின்றன. நேர்காணலிலும் இதே வினா எழும். நம் மாணவர் பெரிதும் தடுமாறுவது இங்கேயாதலின் இதனைச் சற்று விரித்து நோக்குவோம்.

ஒரு மாணவர், "சிறுவயது முதலே மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது என் கனவு. ஏழைகளின் கண்ணீரைத் துடைப்பதே என் இலட்சியம்" என்று எழுதுகிறார் எனக் கொள்வோம். இதில் பொய்யில்லை. எனினும் இதனைப் படிப்பவர் அம்மாணவரைப் பற்றி ஒன்றும் அறிய இயலாது. எவர் எழுதினும் இவ்வரிகளை எழுதலாம்.

வேறொருவர் இவ்வாறு எழுதுகிறார் எனக் கொள்வோம்: "என் பாட்டி முதியோர் உதவித்தொகைக்கு மனு அளித்தார். அம்மனு கிராம நிருவாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் விசாரணைக்குச் சென்று, பின்னர்ச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரை அடைந்தது. ஒவ்வோர் இடத்திலும் அலுவலர் தம் கடமையைச் செய்ததாகவே கூறினர். ஆயினும் மனு பல மாதம் நின்றது. தவறு செய்தவர் ஒருவரும் இல்லாமலே தாமதம் நேர்வது எவ்வாறு என்பதை அறியவே இத்துறையைப் பயில விரும்புகிறேன்." இங்கு ஒரு நிகழ்ச்சி உண்டு, அதில் ஒரு வினா உண்டு, அவ்வினாவுக்கும் படிப்புக்கும் தொடர்பு உண்டு. நோக்கவுரைக்கு வேண்டுவன இம்மூன்றுமே. அழகிய சொற்கள் வேண்டுவதில்லை. இட்டுக்கட்டிய துயரமும் வேண்டுவதில்லை. நேர்காணலில் இரண்டாம் வினாவிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

பரிந்துரைக் கடிதமும் இவ்வாறே. பெரிய பதவியில் இருப்பவர் என்பதற்காக அறிமுகமில்லாத ஒருவரிடம் கடிதம் பெறுவதைவிட, வகுப்பில் நம்மைக் கண்டறிந்த ஆசிரியரிடம் பெறுதலே பயன் தரும்.

பயிலும் முறை

சேர்ந்தபின் நிருவாகக் கோட்பாடு, இந்திய நிருவாகம், பணியாளர் நிருவாகம், நிதி நிருவாகம், உள்ளாட்சி, ஆய்வு நெறிமுறை முதலிய பாடங்கள் அமையும். மாணவர் பலர் அறிஞர் பெயர்களையும் அவர்தம் கொள்கைகளையும் பட்டியலாக மனப்பாடம் செய்கின்றனர். தேர்வில் அது மதிப்பெண் தரலாம், அறிவாகாது. கோட்பாட்டைக் கண்முன் உள்ள நிகழ்ச்சியோடு பொருத்திப் பார்த்தலே உரிய முறை.

மேற்கூறிய பாட்டியின் மனுவையே எடுத்துக்கொள்வோம். செருமானிய அறிஞர் மாக்ஸ் வெபர், விதி, கோப்பு, படிநிலை ஆகியன ஆள் பார்த்துச் செயல்படுவதைத் தடுக்கும் என விளக்கினார். அக்கண்கொண்டு நோக்கினால், மனு மூவரிடம் செல்வதன் காரணம் புலப்படும்: ஒருவர் விருப்பு வெறுப்பால் தகுதியற்றவர் பயன்பெறுவதைத் தடுக்கவே அப்படிநிலை. 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர் எல்லாச் செய்திகளையும் ஆராய்ந்து முடிவெடுப்பதில்லை. கிடைத்த காலத்தில், கிடைத்த செய்தியைக் கொண்டு, போதுமானதொரு முடிவையே எடுக்கின்றனர் என்றார். இதனால், கோப்புகள் மலிந்த மேசையில் ஐயத்துக்குரிய மனு ஏன் ஒதுக்கிவைக்கப்படுகிறது என்பது விளங்கும். மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் வெளியிட்ட நூலில், மக்களை நேரில் சந்திக்கும் கீழ்நிலைப் பணியாளர் எடுக்கும் முடிவுகளே நடைமுறையில் அரசின் கொள்கை ஆகிவிடுகின்றன என்று காட்டினார். பாட்டிக்கு அரசு என்பது தலைமைச் செயலகம் அன்று. மனுவை வாங்கும் அந்த ஒருவரே. இவ்வாறு ஒரே மனுவை மூன்று கோட்பாடுகளின் வழியே நோக்கிய மாணவர் அம்மூவரையும் எளிதில் மறவார்.

தமிழ் மாணவர்க்கு வாய்த்த துணை

தமிழ்வழிப் பயின்றோர் இத்துறையில் ஆங்கில நூல்களைக் கண்டு அஞ்சுகின்றனர். அச்சம் இயல்பே; ஆனால் அதற்கு மருந்து கைக்கெட்டும் இடத்தில் உள்ளது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கைகள் விவாதத்துக்கு வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை அளிக்கிறது. அது தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றது. தமக்கு விருப்பமான ஒரு துறையின் குறிப்பை இரு மொழியிலும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர், துறைச் செய்தியையும் கலைச்சொல்லையும் ஆங்கில நடையையும் ஒருங்கே கற்பர். நாளொன்றுக்கு இரண்டு பக்கம் படித்து, புதிய சொற்களைத் தனி ஏட்டில் குறித்துவரின் ஓராண்டுக்குள் பெரும் மாற்றம் தெரியும்.

தமிழறிவு இத்துறைக்குச் சுமையன்று. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை இம்மாநிலத்தின் ஆட்சிமொழி ஆக்கியது. நகராட்சி ஆணையராகப் பணிபுரிந்த கீ. இராமலிங்கனார் போன்றோர் ஆட்சித் தமிழுக்குச் சொல் தேடி உழைத்தனர். எனினும், படித்தவர்க்கும் புரியாத நடையில் அமைந்த அரசு அறிவிக்கைகளையும் படிவங்களையும் நாம் இன்றும் காண்கிறோம். மனுவை மறுக்கும் கடிதத்தின் காரணம் மனுதாரர்க்கு விளங்கவில்லையாயின் அவர் மேல்முறையீடு செய்வது எவ்வாறு? தெளிந்த தமிழில் ஒரு படிவத்தை அமைப்பதும் நிருவாகச் சீர்திருத்தமே. அதனைச் செய்யத் தகுதி உடையோர் தமிழும் நிருவாகமும் ஒருங்கே கற்றவரே.

ஆய்வேடு

இறுதிப் பருவத்து ஆய்வேட்டுக்குப் பெரும் தலைப்புகளைத் தேடி அலைய வேண்டுவதில்லை. 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. தம் ஊராட்சியில் கிராமசபை எவ்வாறு நடைபெறுகிறது, அதில் பேசுவோர் யார், தீர்மானங்களுள் எத்தனை நிறைவேறின என்பதையே ஒருவர் ஆராயலாம். வேண்டும் ஆவணங்களை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் கேட்கலாம். 30 நாள்களுக்குள் விடை அளித்தல் வேண்டும் என்பது விதி. விடை வராவிடின் அதனையும் ஆய்வேட்டில் பதிவு செய்யலாம். வேறொருவர் ஆய்வேட்டைப் படியெடுத்துப் பட்டம் பெறுவது, கணக்குக் காட்டாமல் பதவி வகிப்பதை ஒக்கும். இத்துறை மாணவர்க்கு அது சிறிதும் தகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், முதுகலைப் பொது நிருவாகவியல் ஒரு பதவிக்கு ஏறும் ஏணி மட்டும் அன்று என்பதும், அலுவலகத்தின் இருபுறமும் நின்று நோக்கக் கற்பிக்கும் கல்வி என்பதும் விளங்கும். போட்டித் தேர்வு எழுதுவோர் எழுதட்டும்; வெற்றி பெறட்டும். அவருள் பலர்க்கு அவ்வெற்றி கிட்டாது போகலாம் என்பதை நாம் மறைத்தலாகாது. அவ்வாறு நேரினும், பயின்ற அறிவு கையில் நிற்குமாறு பயிலுதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

பெற்றோர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு சொல். இப்படிப்பில் சேரும் பிள்ளைகளிடம், மகளிராயினும் ஆடவராயினும், "எப்போது கலெக்டர் ஆவாய்?" என்று கேட்பதை விடுத்து, "நம் ஊர் அலுவலகத்தைப் பற்றி என்ன கற்றாய்?" என்று கேளுங்கள். அவர்கள் விடை சொல்லத் தொடங்குவார்களாயின் அப்படிப்பு பயன் தரத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.