தறிக்குழியும் வெயிலும்

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் விடியலில் தெருவில் பாவு நீட்டுவதைக் காண்கிறோம். பின்னர்ப் பொழுது சாயும்வரை தறிக்குழியே அவர்கட்கு இடம். வெயில் மிகுந்த ஊரில் வெயில் படாத தொழில் இது.

தோலில் படும் புற ஊதாக் கதிரால் உடலில் வைட்டமின் ‘டி’ உண்டாகிறது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்க அது இன்றியமையாதது. அது மிகக் குறைந்தால் குழந்தைகளின் கால் எலும்பு வளையும். பெரியோர்க்கு எலும்பும் தசையும் நோகும். 1919-இல் பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, புற ஊதா விளக்கொளியாலேயே குழந்தைகளின் இந்நோயைக் குணப்படுத்திக் காட்டினார்.

விடியற்கால இளவெயிலில் இக்கதிர் மிகக் குறைவு. சன்னல் கண்ணாடியும் அதனைத் தடுத்துவிடும். நம் நிழல் நம் உயரத்தினும் குறுகியிருக்கும் வேளையே ஏற்றது. கோடையில் காலை 9.30 மணிக்குள்ளும், மார்கழியில் 10.30 மணியளவிலும் அவ்வேளை வந்துவிடும். அப்போது தறியை விட்டெழுந்து, கை கால்களில் வெயில் படச் சுமார் 20 நிமிடம் உலவுதல் நன்று.

அளவு மீறலாகாது. நெடுநேர வெயில் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் புரை வளரத் துணைபுரியும். கத்திரி நாட்களின் உச்சி வெயில் உயிருக்கே ஊறு செய்யும். தலைக்குத் துணியும் பருக நீரும் மறவற்க. எலும்பு வலி நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுக. தறிக்குக் காட்டும் கவனத்தை உடலுக்கும் காட்டுவோமாக.