மெலிந்த பிள்ளையின் கொழுப்பு

குழந்தைகளின் உடற்பருமனைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அமெரிக்கப் பிள்ளைகளைக் காட்டியே தொடங்குவர். இந்தியாவின் நிலை வேறு, சற்றுச் சிக்கலானதுங்கூட. அச்சிக்கலை வெளிப்படுத்திய ஆராய்ச்சி நாம் பயிலும் இப்புணே நகரையடுத்த கிராமங்களிலேயே நடந்ததாகையால், அதனை நம் சங்க ஏட்டில் விளக்குவது பொருத்தமாகும்.

டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 1993ஆம் ஆண்டில் ஆறு கிராமங்களின் பெண்களையும், அவர்கள் ஈன்ற மகவுகளையும் கவனிக்கத் தலைப்பட்டனர். அக்குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. இத்துணை வேற்றுமை இருந்தும், முதுகுப்புறத் தோல் மடிப்பை அளந்தபோது கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறைந்திருக்கவில்லை. குறைந்தவை தசையும் வயிற்று உறுப்புகளுமே! தாயின் உணவு போதாதபோது கரு தன் மூளையைக் காத்துக்கொண்டு தசையைக் கைவிடுகிறது என்பர்.

பெரியோரிடமும் இதே கதைதான். கிலோவில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டே பருமனை மதிப்பிடுகிறோம். யாஜ்னிக்குக்கும் அவருடைய ஆங்கில நண்பர் யட்கினுக்கும் அவ்வெண் ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு! தம் உடல்களையே சான்றாக்கி இருவரும் 2004இல் 'லான்செட்' இதழில் இதனை வெளியிட்டனர்.

பிறந்த பின் நேர்வது என்ன? "பிள்ளை இளைத்திருக்கிறதே" என்று பாட்டி முதல் பக்கத்து வீட்டார் வரை கவலைப்படுகின்றனர். பாலில் சர்க்கரை, கையில் பிஸ்கோத்து, பிறகு விளம்பரத்தில் கண்ட சத்து மாவு. எடை கூடுகிறது, கூடுவது தசையா கொழுப்பா என்று எவரும் கேட்பதில்லை. தில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தோரைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2004இல் வந்தது. இளமையிலேயே இரத்தச் சர்க்கரைக் கோளாறு கண்டவர்கள், இரண்டு வயது வரை மெலிந்திருந்து, அதன்பின் விரைந்து பருத்தவர்கள். ஆயினும் பன்னிரண்டு வயதில் அவர்களுள் ஒருவர்கூடப் பருமனானவர் என்ற கணக்கில் வரவில்லை. கொழுகொழு கன்னத்தைத் தேடிக்கொண்டிருந்தால் இவர்களை நாம் காணவே முடியாது.

ஆகவே தடுப்பு முறை, பட்டினி போடுவதன்று. வளரும் பிள்ளைக்கு அது தீங்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது. அதே ஆய்வில் மிகை எடையுடையோர் 3.4 விழுக்காடு, முந்தைய 2015-16 ஆய்வில் 2.1. இரு துன்பமும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில்!

வேண்டுவது தசை. அதற்குப் பருப்பு, முட்டை, பால், மீன். அவற்றோடு ஓட்டமும் ஆட்டமும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் அறுபது நிமிட உடலுழைப்பு வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். தேர்வு நெருங்கியதும் விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்திற்குத் தாரை வார்க்கும் பள்ளிகள், வாசலில் வடாபாவ் விற்பவரைவிடப் பெரிய குற்றவாளிகள் என்பது என் கருத்து. குளிர்பானமோ, 300 மில்லியில் ஏறக்குறைய எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரையை ஒளித்து வைத்திருக்கிறது. பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் இத்தகையன விற்கலாகாதென 2020இல் விதி செய்தனர். 51ஆவது மீட்டரில் கடை வைக்கத் தடையில்லை.

இவையனைத்திற்கும் முன்னே நிற்பது நாளைய தாயின் உணவு. அண்ணனும் அப்பாவும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பெண்ணிடத்தில்தான் 2.7 கிலோ தொடங்குகிறது.

விடுமுறைக்கு ஊர் செல்வோர் ஒரு நாடாவை எடுத்துச் செல்லலாம். ஐந்து வயது கடந்த தம்பி தங்கையரின் இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியை எட்டுமாயின், எடைப் பொறி என்ன சொன்னாலும், மருத்துவரிடம் ஒருமுறை காட்டுக.